ஸ்லோன் ஊற்றுத் திட்டு எரிந்த விதம்

செப்டம்பர் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றரை மணிக்குக் கெட்டில் பள்ளத்தாக்கின் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூடியவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைமாட்டில், ஹீட்டருக்கு முதுகைக் காட்டியபடி, சேஜ் புதரை நம்பி வாழும் காட்டுப் பறவையான சேஜ் கோழியின் பாதுகாப்புக் குழுத் தலைவர் வேட் டன்க்லி. அவருக்கு இடப்பக்கம், ஜன்னல் வெளிச்சம் தாளில் விழும்படி, செயலாளர் லெனோர் அல்சுகா. காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் எண்பத்தோரு வயதான க்ளீவ் பர்டம். கழிப்பறை அங்கிருந்துதான் கிட்டம் என்று காரணம் சொல்வார். கதவோரம், தொப்பியை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு, ரஸ்ஸல் ஈக்கன். எதிர் முனையில், நூற்றுப்பத்து மைல் வண்டியோட்டி வந்த மாவட்ட நில அலுவலகத்துப் பறவை அதிகாரி டெஸ் ஹோல்கர்சன், மேசையில் பாதியை அடைத்த ஒரு வரைபடத்தோடு.

இவ்வளவையும் லெனோர் குறிப்பேட்டில் எழுதி முடித்தாள். எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லாவிட்டாலும் பேனாவைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். தீ அணைந்து பதினெட்டு நாள் ஆகியும் அறையில் இருந்த ஒவ்வொரு சட்டையிலும் புகை வாடை போகவில்லை.

வரைபடத்தில் நாற்பத்திரண்டாயிரம் ஏக்கர் கறுப்பாக இருந்தது. அதன் நடுவில் டெஸ் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். வட்டத்துக்குள்ளும் கறுப்புதான்.

"பொண்ணு, அந்தப் படத்துல என் மாடு எங்க இருக்குன்னு தெரியுமா? ரெண்டு இன்னும் வீடு வந்து சேரலை" என்றார் க்ளீவ்.

"மாடு தெரியாதுங்க. புதர் தெரியும்." டெஸ் விரலை வட்டத்தின்மேல் வைத்தாள். "இது ஸ்லோன் ஊத்து. இரண்டாம் நாள் மதியம் மூணு மணிக்கு எடுத்த விமானப் படத்துல, எரிஞ்ச காட்டுக்கு நடுவுல இந்த ஒரு திட்டு மட்டும் பச்சையா இருக்கு. நானூறு ஏக்கர். ஆறு மணிப் படத்துல இல்லை. நடுவுல என்ன நடந்துச்சு?"

"காத்து" என்றார் வேட்.

"எந்தப் பக்கத்துக் காத்து?"

"தீ எழுப்பற காத்தும்மா. அதுக்குப் பக்கம் ஏது?"

டெஸ் வேட்டைப் பார்த்தாள். பிறகு லெனோரின் நோட்டைப் பார்த்தாள். டெஸ்ஸுக்கு முப்பது வயது இருக்கலாம். மூன்று வருடமாகத்தான் இந்தப் பக்கம் வேலை. ஆனால் மார்ச் மாதக் குளிரில், விடிவதற்கு முன்னால் லெனோரோடு வண்டிக்குள் ஒடுங்கி உட்கார்ந்து, ஸ்லோன் ஆட்டக்களத்தில் சேவல்கள் பெட்டைகளைக் கவர நெஞ்சை ஊதிக்கொண்டு ஆடுவதை மூன்று வசந்தமும் எண்ணியவள்.

"காத்துன்னா காத்துன்னு எழுதிக் குடுங்க" என்றாள். "ஆனா அது எங்க கொண்டுபோய் விடும்னு சொல்லிடறேன். சேஜ் புதர் வேர்லேருந்து துளிர்க்காது. விதையும் காத்துல நாலடி தாண்டிப் போகாது. இந்த நாற்பத்திரண்டாயிரம் ஏக்கர்ல மறுபடி சேஜ் வரணும்னா நடுவுல மிஞ்சின திட்டுலேருந்துதான் வரணும். அந்தத் திட்டையும் காத்தே எரிச்சுதுன்னா, இந்த அளவு திட்டை எவராலயும் காப்பாத்த முடியாதுன்னு அடுத்த தீயணைப்புத் திட்டத்துல எழுதுவாங்க. வடக்கே பிட்டர் மேட்டுல முந்நூறு ஏக்கர் சேஜ் எரியாம இருக்கு. இந்தப் பள்ளத்தாக்குல கோழி முட்டையிட அதுதான் இனிமே மிச்சம். அதையும் கை கழுவிடுவாங்க. அடுத்த தீ வந்தா அதைச் சுத்தி ஒரு வண்டியும் நிக்காது."

"காத்து இல்லைன்னா?" க்ளீவ் கேட்டார்.

"மனுஷங்க கையால எரிஞ்சதுன்னா கதை வேற. தீத்தடுப்புக் கோட்டுக்குள்ள மிஞ்சின பச்சையைத் தொடக்கூடாதுன்னு ஒரு உத்தரவு வாங்க என்னால முடியும். ஆனா அதுக்குக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும். இன்னைக்குத் தேதியில தபால் முத்திரை விழணும், அதோட கெடு முடியுது."

அவள் அங்கிருந்து நேராக நெவாடா எல்லைப் பக்கம் போகவேண்டும். வெள்ளிக்கிழமைதான் அலுவலகம் திரும்புவாள். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தவள், லெனோரின் தோளை இலேசாகத் தொட்டு, "வரேங்க மிஸஸ் அல்சுகா" என்றாள். லெனோர் தலை நிமிரவில்லை.

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் ரஸ்ஸல் வாயைத் திறந்தான். "காத்துன்னு எழுது. அஞ்சு மணிக்கு டோனா தபால் வண்டியோட வருவா. குடுத்துட்டு வீட்டுக்குப் போவோம்."

"நீ வடக்குப் பக்கத்துல இருந்தே ரஸ்ஸல். அன்னைக்குக் காத்து எப்படி இருந்துச்சு?" என்றாள் லெனோர்.

"என்னைக் குறுக்கு விசாரணை பண்ணாதே."

காற்றே இல்லை அன்று. அறையில் இருந்த நான்கு பேருக்கும் அது தெரியும். ரேடியோவில் நடந்த பேச்சும் நால்வர் காதிலும் விழுந்ததுதான்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி அது. தீ தாண்டாதபடி புல்டோசர் மேட்டு விளிம்பில் வெறும் மண் தெரியக் கோடு வெட்டி முடித்திருந்தது. பண்ணைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் தீயணைப்புச் சங்கத்தின் ஆறு வண்டிகளும் கோட்டின் மேல் நின்றன. கோட்டுக்குத் தலைவர் வேட். மேற்குப் பக்கம் லெனோர், கையில் தீக்கேனோடு. டீசலும் பெட்ரோலும் கலந்து, மூக்குத் திரியில் பற்றிச் சொட்டுச் சொட்டாக நெருப்பாய் ஒழுகும் கேன். அந்தப் பள்ளத்தாக்கில் தீயோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு ஒரு பாடம் மட்டும் ரத்தத்தில் ஊறியது: கோட்டுக்குள் பச்சை விடாதே. விட்ட பச்சை மறுநாள் பற்றும், கோட்டைத் தாண்டும், பக்கத்து வீட்டைத் தின்னும். உள்ளே எது மிஞ்சினாலும் நாமே கொளுத்திக் கறுப்பாக்கிவிட்டுத்தான் சோறு. வேட் பத்து வருடமாக எல்லோருக்கும் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

"லென், உள்ள ஒரு திட்டு நிக்குது. கறுப்பாக்கிடு" என்றது ரேடியோ.

"வேட், இது ஸ்லோன் ஊத்து."

"எதுன்னு எனக்குத் தெரியும். மணி மூணு. அஞ்சு மணிக்குக் காத்து திரும்பும்னு பாய்ஸி வானிலை ஆபீஸ்லேருந்து சொல்றாங்க. கறுப்பாக்கு."

கோட்டில் நிற்கும்போது தலைவரோடு வாதம் கிடையாது. அதுவும் ரத்தத்தில் ஊறியதுதான். லெனோர் கேனைச் சாய்த்தாள். விளிம்பை ஒட்டி நடந்தாள். பதினேழு வசந்தம் எண்ணிய இடம் அது. முதல் வருடம் அறுபத்து நான்கு சேவல், இந்த வருடம் பத்தொன்பது. அந்தத் திட்டைச் சுற்றி அவள் ஒரு வளையம் போட்டாள். மூன்று பத்துக்குத் தொடங்கி நாலரைக்குள் வளையம் மூடிவிட்டது.

ஐந்து மணிக்குக் காற்று திரும்பவில்லை. அன்று ராத்திரி முழுக்கவும் திரும்பவில்லை. ஒரு இலை அசையவில்லை என்று சொல்லலாம். அசைவதற்கு இலை மிஞ்சியிருந்தால்.

வேட் எழுந்து போய் ஒரு கோப்பை காபி ஊற்றினார். குடிக்காமல் மேசையில் வைத்தார். "நான் சொல்றதக் கேளு லென். அக்டோபர்ல நம்ம சங்கத்து ஒப்பந்தம் புதுப்பிக்கணும். கவர்மெண்ட் நிலத்துல தீயை அணைக்க நமக்கு அனுமதி குடுக்கற காகிதம் அது ஒண்ணுதான். 'கோழிக் கூட்டத்தை நாங்களே கொளுத்தினோம்'னு எழுதிக் குடுத்தா, அவங்க புதுப்பிப்பாங்கன்னு நினைக்கிறியா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும். மாட்டாங்க. அவங்க வண்டி வர ரெண்டு மணி நேரம். ரெண்டு மணி நேரத்துல என்ன ஆகும்னு இவனைக் கேளு."

ரஸ்ஸல் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சங்கம் வருவதற்கு முந்திய கோடையில், அனுமதி இல்லை என்று தடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுத்தப்பட்டு, தன் வீடும் அறுபத்தோரு மாடும் எரிவதை நின்று பார்த்தவன் அவன். கம்பி வேலியோரம் மாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. குற்றுயிராய்க் கிடந்தவற்றைச் சுட்டுத் தீர்க்க அவனுக்கு ஒரு பகல் பிடித்தது. தோட்டா தீர்ந்து லெனோர் வீட்டுக்குத்தான் வாங்க வந்தான்.

"நான் கோழிக்கு எதிரி இல்ல லெனோர்" என்றான். "என் வேலியில ரெண்டு மைலுக்கு வெள்ளைப் பட்டை மாட்டினேன், அதுங்க பறந்து வந்து கம்பியில அடிச்சுச் சாகக்கூடாதுன்னு. உனக்குத் தெரியும். ஆனா கோழியா என் பிள்ளைங்களான்னு கேட்டா நான் யோசிக்க மாட்டேன்."

"அதைக் கேக்கலை நான்."

"வேற எதைக் கேக்குற?"

லெனோர் பேனாவைக் கீழே வைத்தாள். இந்த இருபது நாளில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். சத்தம் போடாமல், பட்டியல் வாசிக்கிறவள்போலச் சொன்னாள்.

"சுத்தி எரிஞ்சதால கோழி எல்லாம் அந்தத் திட்டுக்குள்ளதான் வந்து ஒண்டியிருந்துச்சு. தாயும் குஞ்சும். குஞ்சுன்னா பெரிய குஞ்சு, பறக்கும். நான் தீ வெச்சதும் வெளியே நடந்து வந்துச்சுங்க. என்னைப் பார்த்துச்சுங்க. திரும்பி உள்ள போயிடுச்சுங்க. ஆபத்துன்னா புதருக்கடியில படுத்துக்கறதுதானே அதுங்க குணம். நாற்பத்து மூணு வரைக்கும் எண்ணினேன். ஏன் எண்ணினேன்னு தெரியலை, பழக்கம். வளையம் மூடினப்புறம் மேல கிளம்பினது ஆறு. மத்ததெல்லாம் படுத்தே இருந்துச்சு."

க்ளீவ் காபிப் பாத்திரத்தின் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சொட்டிக்கொண்டிருந்தது. கை நீட்டி இறுக்கினார்.

"நானும்தான் அதைக் கனவுல பாக்கறேன்" என்றார் வேட். "நீ மட்டும் இல்ல."

"கனவைப் பத்தி நான் பேசலை. மார்ச்ல அந்தச் சேவல்ல மிஞ்சினது திரும்பி வரும் வேட். வேற இடம் அதுங்களுக்குத் தெரியாது. கரியில நின்னு ஆடும். பெட்டையும் வரும். ஒதுங்கி முட்டை வைக்க ஒரு புதர் இருக்காது. எரிஞ்ச மண்ணுல முதல்ல வர்ற ஏமாத்துப் புல்தான் முளைச்சிருக்கும், அதுக்கு நடுவுல வைக்கும். காக்கா எடுத்துட்டுப் போகும். ஸ்லோன் கதை முடிஞ்சுபோச்சு, என்ன எழுதினாலும் அது திரும்பி வராது. பிட்டர் மேடு இன்னும் நிக்குது. அடுத்த தீயில நீ ரேடியோவுல என்ன சொல்லுவே?"

வேட் காபிக் கோப்பையை மேசையில் இன்னொரு பக்கத்துக்கு நகர்த்தினார்.

"சொல்லு. பிட்டர் மேடு கோட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு, மணி மூணு. என்ன சொல்லுவே?"

"கறுப்பாக்குன்னுதான் சொல்லுவேன்" என்றார் வேட். "வேற எனக்குச் சொல்லத் தெரியாது. உத்தரவு இருந்தா வேற. இல்லைன்னா அதையேதான் சொல்லுவேன்."

"அதனாலதான் கேக்கறேன்."

"வாக்குக்கு விடுங்கப்பா" என்றான் ரஸ்ஸல். "குழுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

விட்டார்கள். காற்று என்று எழுத வேட் கையைத் தூக்கினார், ரஸ்ஸல் தூக்கினான். வேண்டாம் என்று லெனோர் தூக்கினாள். மூவரும் க்ளீவைப் பார்த்தார்கள்.

"என் தோள்பட்டை இறுகிப்போச்சு" என்றார் க்ளீவ். "எந்தப் பக்கமும் கை தூக்க வராது."

"நேத்து உங்க வைக்கோல் கட்டை நீங்களேதானே தூக்கிப் போட்டீங்க" என்றாள் லெனோர்.

"அதனாலதான் இறுகிப்போச்சு." அவர் எழுந்து கோட்டை மாட்டினார். வாசலில் ஒரு நிமிடம் நின்றார். "எண்பத்தோரு வயசுல பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பாக்காம ஒரு குளிர்காலம் ஓட்ட என்னால ஆகாது லெனோர். நீ கெட்டிக்காரி. உன்னால ஆகும்." போய்விட்டார்.

ரஸ்ஸலும் எழுந்தான். "ரெண்டுக்கு ஒண்ணு. முடிஞ்சுபோச்சு. அப்படியே எழுதிடு" என்றான். அவன் கேட்டதில் மிரட்டல் இல்லை. கும்பிட்டுக் கேட்பதுபோல்தான் இருந்தது. அவன் வண்டி கிளம்பியது.

லெனோர் புதுத் தாளை எடுத்து மேலே தேதியும் இடமும் எழுதினாள். வேட் ஹீட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே இருந்தார். இருவரும் இதே கட்டடத்தில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து எழுத்துப் படித்தவர்கள். அவள் எழுதும் வேகத்தைப் பார்த்தே அது காற்று இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு சொல்லைக்கூட அடிக்காமல், தலைகீழாகப் படிக்க முயலும் அவர் கண்ணுக்கு மறைக்காமல், அவள் எழுதினாள்.

'ஸ்லோன் ஊற்றைச் சுற்றியிருந்த சேஜ் திட்டை ஆகஸ்ட் இருபதாம் தேதி எரித்தது காற்று இல்லை. கோட்டுக்குள் பச்சை விடக்கூடாது என்ற எங்கள் வழக்கப்படி நாங்களே கொளுத்தினோம். தீக்கேனைப் பிடித்து நடந்தவள் நான். தீ கோட்டைத் தாண்டும் ஆபத்து அப்போது இருந்தது என்று நம்பினோம்; பிறகு பார்த்தால் இருக்கவில்லை. இதைக் காற்று என்று எழுதும்படி இன்று குழு இரண்டுக்கு ஒன்று என்று முடிவு செய்தது. ஆகையால் இது குழுவின் கடிதம் ஆகாது. என் கடிதம். செயலாளர் பொறுப்பை இன்றோடு விடுகிறேன். எங்கள் சங்கம் இல்லாவிட்டால் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் பல வீடுகள் எரிந்திருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

"படிக்கிறியா?" என்றாள்.

வேட் வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். "என் பேரு எங்க?"

"போடலை."

"போடு. உத்தரவு குடுத்தது நான். உன் பேரு மட்டும் போச்சுன்னா, பொம்பளை தலையில கட்டிட்டு ஒளிஞ்சுக்கிட்டான்னு ஊர் சொல்லும்."

"அப்ப கீழ கையெழுத்துப் போடு."

அவர் தாளைப் பார்த்தார். பேனா அவருக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. வெளியே வெறிச்சென்ற மைதானத்தில் சாம்பல் சுருள் ஒன்று எழுந்து நின்று, நடந்து, விழுந்தது.

"மாட்டேன்" என்றார் கடைசியில். "போட்டா சங்கம் சொன்ன மாதிரி ஆயிடும். உன் பேருல மட்டும் இருந்தா, ஒரு வயசான பொம்பளை தன்னிச்சையா எழுதினான்னு சொல்லி அக்டோபர்ல நான் எப்படியாவது பேசிச் சமாளிக்கலாம்."

"சமாளி."

"அவங்க முன்னால உன்னைப் பத்தி நல்லவிதமா பேச மாட்டேன் லென். அதைத் தெரிஞ்சுக்கோ."

"தெரியும்."

"உன் வீட்டுப் பக்கம் தீ வந்தா ரஸ்ஸல் வருவான்னு நினைக்கிறியா?"

"நீ வருவியா?"

வேட் தொப்பியைத் தலையில் வைத்தார். "வருவேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வருவேன்னு நினைக்கிறேன்" என்றார். நாற்காலியை மேசைக்குள் தள்ளி, ஹீட்டரை அணைத்து, குடிக்காத காபியைத் தொட்டியில் ஊற்றிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே போனார்.

லெனோர் கையெழுத்துப் போட்டாள். தாளை மூன்றாக மடித்தாள். நகல் ஒன்று எழுதி வைத்துக்கொள்வது அவள் வழக்கம். அதற்கும் நேரம் இருந்தது, எழுதினாள். உறையின்மேல் விலாசத்தை அச்சடித்ததுபோல் எழுதி, தபால்தலை ஒட்டி, பசை விளிம்பை நாக்கில் நனைத்து அழுத்தி மூடினாள். மூடிய பிறகும் கட்டைவிரலால் ஓரத்தை இரண்டு தடவை நீவினாள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தபால் வண்டி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவள் ரஸ்ஸலின் மனைவி டோனா. இருபத்தாறு வருடமாக இந்தத் தடம் அவளுடையதுதான். வாரத்தில் இரண்டு நாளாவது லெனோரின் சமையலறையில் உட்கார்ந்து ஒரு கோப்பை காபி குடித்துவிட்டுத்தான் மேலே போவாள். இன்று இஞ்சினை அணைக்கவில்லை. ஜன்னலை மட்டும் இறக்கினாள்.

"ரஸ்ஸல் வழியில நிறுத்திச் சொன்னான்" என்றாள். "காத்துன்னு முடிவாச்சாமே."

"குழு முடிவு அது."

டோனா உறையைப் பார்த்தாள். அனுப்புநர் இருக்கும் மூலையில் குழுவின் பெயர் இல்லை. லெனோர் அல்சுகா என்று மட்டும் இருந்தது.

"இது அரசாங்கத் தபால் லெனோர். நான் வாங்கித்தான் ஆகணும். கிழிச்சுப் போடவும் முடியாது, தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லவும் முடியாது. அது உனக்கும் தெரியும், அதனாலதான் என் கையில குடுக்கறே."

"வேற யாரும் இந்தத் தடத்துல வரது இல்லையே டோனா."

"இல்ல." டோனா உறையை வாங்கினாள். முத்திரைக் கட்டையை எடுத்து, மை தொட்டு, தேதி நன்றாகப் படியும்படி அழுத்திக் குத்தினாள். வேலையில் அவள் என்றைக்குமே குறை வைத்ததில்லை. உறையை மற்றக் கடிதங்களோடு தட்டில் நேராக நிறுத்தினாள். "நாளையிலேருந்து உன் தபாலைப் பெட்டியில போட்டுடறேன். வீட்டு வரைக்கும் வரலை."

"சரி."

"குளிர் வருது. பெட்டி மூடி சரியா விழறதில்ல, சரி பண்ணிக்கோ. நனைஞ்சா நான் பொறுப்பு இல்ல."

ஜன்னல் மேலேறியது. வண்டி மைதானத்தைச் சுற்றித் திரும்பி, எரிந்த பக்கத்துச் சாலையில் ஏறி, சாம்பலைக் கிளப்பிக்கொண்டு பாய்ஸிப் பக்கம் போயிற்று.